பட்ஜெட்டும் பாதீடும்

சென்னை ரிச்சி தெருவில் ஏதாவது ஒரு கடையில் ஏறி, "கேம் ஆடுறதுக்கு ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணணும்" என்று சொல்லுங்கள். முதல் கேள்வி, "பட்ஜெட் எவ்வளவு?" என்றுதான் வரும். இங்கே பட்ஜெட் என்றால் கையில் இருக்கும் தொகை. தொகையைச் சொன்னதும், "அப்ப பட்ஜெட் பிசிதான் வரும்" என்பார்கள். இப்போது அதே சொல்லுக்கு மலிவானது என்று பொருள். வீட்டுக்கு வந்து தாளை எடுத்து எதற்கு எவ்வளவு என்று எழுதிவிட்டு, "பட்ஜெட் போட்டாச்சு" என்கிறோம். இது மூன்றாவது பொருள்: பிரித்து ஒதுக்குவது.

தமிழில் இந்த மூன்றுக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. மூன்றாவதற்கு உரிய சொல், கணினிக்குப் பாகம் வாங்கப் போகிறவருக்கு வழியும் காட்டும் என்று எனக்குத் தெரிந்தது 2024இல்தான். அக்கா மகன் ப்ளஸ் டூ முடித்த கையோடு, சேர்த்து வைத்த 48,000 ரூபாயுடன் வந்து நின்றான். "மாமா, பட்ஜெட் பிசின்னா மட்டமான பிசிதானே?" என்று கேட்டான். குரலில் ஏமாற்றம் தெரிந்தது. இரண்டு வருடம் சேர்த்த பணம் அது. அதை மட்டம் என்று ஒரு சொல் சொல்லிவிடுகிறது என்றால், அந்தச் சொல்லைக் கொஞ்சம் விசாரிக்கத்தான் வேண்டும்.

பட்ஜெட் என்பது பிறப்பில் ஒரு பை. ரோமானியர் வருவதற்கு முன்பே இன்றைய பிரான்சு நிலத்தில் பேசப்பட்ட கௌலிய மொழியிலிருந்து லத்தீனுக்குப் போன சொல் 'புல்கா'. தோல்பை என்று பொருள். அது பழைய பிரெஞ்சில் 'பூஜ்' ஆகி, சின்னப் பை என்ற பொருளில் 'பூஜெட்' ஆகி, 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. நம் ஊரில் 'முடிப்பு' என்போமே, பணமுடிப்பு, பொன்முடிப்பு, அதற்கு நெருங்கிய உறவு. 1733இல் பிரிட்டனில் பிரதமர் வால்போல் மதுவுக்கும் புகையிலைக்கும் புதுத் தீர்வை போடப் பார்த்தபோது, சந்தையில் பையைத் திறந்து போலி மருந்து விற்கிறவனோடு அவரை ஒப்பிட்டு ஒரு துண்டுநூல் வெளிவந்தது. 'பட்ஜெட் திறக்கப்பட்டது' என்பது அதன் தலைப்பு. அந்தக் கேலி நிலைத்துவிட்டது. அரசின் வரவு செலவுக் கணக்குக்கே பட்ஜெட் என்று பெயர் வந்தது. மலிவானது என்ற பொருள் 20ஆம் நூற்றாண்டில் வந்து ஒட்டிக்கொண்டது.

நம் நாட்டிலும் அந்தப் பை வெகுகாலம் கூடவே வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26 அன்று வாசித்தவர் கோயம்புத்தூர்க்காரரான ஆர். கே. சண்முகம் செட்டியார். அவருக்குப் பின் வந்த நிதியமைச்சர்களும் தோல்பெட்டியோடு நாடாளுமன்ற வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். 2019இல் நிர்மலா சீதாராமன் பெட்டியை விட்டுவிட்டுச் சிவப்புத் துணி சுற்றிய கணக்கேட்டைக் கொண்டுவந்தார். 2021இல் அந்தத் துணிக்குள் இருந்தது ஒரு டேப்லெட். பையிலிருந்து பிறந்த சொல் கடைசியில் ஒரு கணினிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

சரி, தமிழில் என்ன சொல்வது? நமக்குப் பழகியது 'வரவு செலவுத் திட்டம்'. தெளிவான சொல்தான், ஆனால் வரவும் செலவும் ஆண்டு முழுக்க ஓடிக்கொண்டிருக்கும் அரசுக்கும் குடும்பத்துக்கும்தான் அது பொருந்தும். ஒரே ஒரு முறை செலவு செய்யப் போகிற பையனுக்கு அவ்வளவு நீளச் சொல் எதற்கு? 'நிதிநிலை அறிக்கை' என்பது அரசியல் சட்டத்தில் உள்ள பெயரின் தமிழ். அந்தச் சட்டத்தின் 112ஆவது பிரிவில் பட்ஜெட் என்ற சொல்லே கிடையாது. ஆண்டு நிதிநிலை அறிக்கை என்றுதான் இருக்கிறது. அது நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் உரியது, நம் தாளுக்கு உரியதல்ல.

மூன்றாவது சொல் 'பாதீடு'. இலங்கைத் தமிழ்ச் செய்திகளில் இது அன்றாடம் வரும் சொல். தமிழ்நாட்டில் பலருக்கும் புதிதாகத் தெரியலாம். நானும் இது அண்மையில் யாரோ உண்டாக்கிய கலைச்சொல் என்றே நினைத்திருந்தேன். உண்மையில் இது தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. புறத்திணையியலில் வெட்சித் திணையின் துறைகளை அடுக்கும்போது "தந்துநிறை பாதீடு உண்டாட்டுக் கொடை" என்று வருகிறது. பகைவரின் ஆநிரையைக் கவர்ந்து ஊருக்குக் கொண்டுவந்த வீரர்கள், அந்த மாடுகளைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்வதுதான் பாதீடு. பகுத்து என்பது பாத்து என நீளும். திருக்குறளில் வரும் 'பாத்தூண்', பகுத்து உண்ணும் உணவு. தோட்டத்தில் நாம் கட்டும் பாத்தியும் அதே குடும்பம்தான்.

பிற்கால இலக்கணமான புறப்பொருள் வெண்பாமாலை இதற்குத் தரும் விளக்கத்தில்தான் நான் நின்றுவிட்டேன். அங்கே பங்கு தலைக்கு இத்தனை என்று சமமாகப் போவதில்லை. அவரவர் செய்த வினையை அறிந்து கொடுப்பதே பாதீடு. அக்கா மகனுக்கு நான் சொல்ல வேண்டியிருந்ததும் இதைத்தான். கணினிக்குள் ஏழு பாகம் இருக்கிறது. ஒவ்வொன்றும் விளையாட்டின்போது என்ன வேலை செய்கிறது என்று தெரிந்து பங்கு கொடு. விளம்பரத்தைப் பார்த்துக் கொடுக்காதே, மினுக்கும் விளக்கைப் பார்த்தும் கொடுக்காதே.

பங்கு சொல்ல எனக்கு அணாக் கணக்குதான் வசதி. 1957இல் நயா பைசா வருவதற்கு முன் ரூபாய்க்கு 16 அணா. கூட்டுத் தொழில் செய்தவர்கள் நாலணா பங்கு, எட்டணா பங்கு என்றுதான் பேசினார்கள். 48,000 ரூபாயைப் பதினாறாகப் பிரித்தால் ஒரு பங்கு 3,000.

ஆறரை அணாவைக் கிராபிக்ஸ் கார்டுக்கு ஒதுக்கினோம். திரையில் தெரியும் ஒவ்வொரு படச்சட்டத்தையும் வரைவது அதுதான். விளையாட்டுக் கணினியில் போர் முழுக்க அதன் தலையில்தான் விழுகிறது. அப்போது 8 ஜிபி நினைவகம் உள்ள ரேடியான் ஆர்எக்ஸ் 6600 அந்தப் பங்குக்குள் ஏறத்தாழ அடங்கியது. 1920×1080 திரைக்கு அது தாராளம். அவனிடம் இருந்ததோ நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் பழைய மானிட்டர். அதற்கு மேல் எத்தனை சட்டம் வரைந்தாலும் அந்தத் திரை காட்டப் போவதில்லை. அதனால் இன்னும் பெரிய கார்டு வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டோம்.

ப்ராசசருக்கு மூன்றரை அணா. கடையில் பத்தணாவை இதற்கே கொடுக்கச் சொல்வார்கள், ஏனென்றால் பெரிய எண் போட்ட ப்ராசசரைத்தான் எல்லாரும் கேட்டு வருகிறார்கள். கார்டுக்கு வேலையைத் தயார் செய்து கொடுப்பது ப்ராசசரின் வினை. ஆறு கோர் உள்ள ரைசன் 5 5600 அந்த வேலைக்குப் போதும். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது: 5600 தானாகத் திரையில் படம் காட்டாது, கார்டு கட்டாயம் வேண்டும். இன்டெலில் பெயருக்குப் பின் எஃப் என்று முடியும் ப்ராசசர்களும் அப்படித்தான். 5600ஜி படம் காட்டும். கார்டைப் பிறகு வாங்கலாம் என்று சிலர் அதை எடுப்பார்கள். செய்யலாம், ஆனால் ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகமான எல்3 கேஷ் அதில் 5600இல் இருப்பதில் பாதிதான், 16 எம்பி. பின்னாளில் நல்ல கார்டு போட்டாலும் அந்தக் குறை தெரியும்.

மதர்போர்டுக்கு இரண்டு அணா. அது விளையாட்டை வேகமாக்காது, எல்லாவற்றையும் தாங்கும். ரேமுக்கு ஒரு அணா: 8 ஜிபி குச்சி இரண்டு. ஒரே 16 ஜிபி குச்சியைவிட இது மேல், இரண்டு வழியாகத் தரவு ஓடும். விளையாட்டுகளையும் கோப்புகளையும் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டிக்கு ஒரு அணா.

எல்லாப் பாகத்துக்கும் மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஒன்றரை அணா என்றதும் அவன் முகம் சுளித்தான். "அது ஸ்பீடு தராதே மாமா." தராதுதான். ஆனால் என் முதல் கணினியில் கேபினட்டோடு சேர்ந்தே வந்த எஸ்எம்பிஎஸ் ஒரு மழைநாளில், மின்சாரம் போய் வந்த நேரத்தில் புகைந்து போனது. போகும்போது மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போனது. காவலுக்கு நின்றவனுக்கும் நிரையில் பங்கு உண்டு என்று சொல்லி, மின்சாரத்தை வீணாக்காததற்கான '80 பிளஸ்' வெண்கலச் சான்று பெற்ற 550 வாட்டை எடுக்க வைத்தேன். மீதி அரை அணாவில் வந்தது கேபினட்: கண்ணாடியும் விளக்கும் இல்லாத, முன்புறம் காற்று நுழைய இடம் விட்ட, சாதாரணப் பெட்டி.

ஒரு முறை போட்ட பாதீடு என்றைக்கும் நிற்காது. 2021இல் கிராபிக்ஸ் கார்டை வைத்துக் கிரிப்டோ நாணயம் தோண்டுகிறவர்கள் கார்டுகளை அள்ளிக்கொண்டு போனபோது ஆறரை அணா ஒன்றுக்கும் ஆகவில்லை. 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் கார்டு தேவைப்படாத முறைக்கு மாறிக்கொண்ட பிறகு அந்தத் தேவை விழுந்தது. 2025இன் கடைசியில் ரேமின் முறை வந்தது: செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகத்தை வாங்கிக் குவிக்க, ஒரு அணாவில் முடிந்த ரேம் இரண்டு மூன்று அணா கேட்க ஆரம்பித்தது. அப்படிப்பட்ட நேரத்தில் கார்டின் பங்கில் கை வைப்பதைவிட, ப்ராசசரில் ஒரு படி இறங்குவதும், நன்றாகச் சோதித்துப் பார்த்த, ஏற்கெனவே பயன்படுத்திய டிடிஆர்4 வகை ரேம் குச்சிகளை எடுப்பதும் நல்லது என்பேன். பெயரும் விலையும் மாறலாம், ஆனால் வினை மாறவில்லை; அதனால் பங்கின் வரிசையும் பெரிதாக மாறாது.

இனி முதல் இரண்டு பொருள்கள். "பட்ஜெட் எவ்வளவு?" என்பதற்குக் 'கையிருப்பு' போதும், பேச்சில் "கையில் எவ்வளவு?" என்றாலே விஷயம் முடிந்தது. பட்ஜெட் பிசி என்பதற்குத்தான் கவனமாகச் சொல் தேட வேண்டும். மலிவுக் கணினி என்றால் பொருளின் தரத்தைக் குறைத்துவிடுகிறோம். சிக்கனக் கணினி என்றால் வாங்குகிறவரின் குணத்தைச் சொல்வதுபோல் இருக்கிறது. எனக்குப் பிடித்தது 'கட்டுபடியாகும் கணினி'. சந்தையில் "இந்த விலைக்குக் கட்டுபடியாகாது" என்று தினமும் காதில் விழும் சொல்தான். பொருளை மட்டும் பார்க்காமல், விலையும் வாங்குகிறவர் கையும் ஒத்துப்போவதைச் சொல்கிறது. 48,000 ரூபாயும் கட்டுபடியாகலாம், ஒரு லட்சமும் ஆகலாம். அக்கா மகனிடம் சொன்னேன்: "இது மட்டமான பிசி இல்லடா. உனக்குக் கட்டுபடியான பிசி."