அல்புமின் ஏன் குறையுது? புற்றுநோயும் இரத்தப் புரதங்களும்

மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு ஆள் போய்வார வீடுகள்ல அடிக்கடி காதுல விழுற கதை, "அல்புமின் குறைஞ்சிட்டாம், முட்டை வெள்ளைக்கரு குடுங்க". குடுக்கிறது நல்லதுதான். ஆனா நீங்க ஒழுங்கா சாப்பிடாததாலதான் இப்பிடி ஆச்சுன்னு நோயாளியப் பிடிச்சு ஏசுறாங்க பாருங்க, அதத்தான் என்னால பொறுக்க முடியல.

அல்புமின்தான் இரத்தத் திரவத்துல ஆகக்கூடுதலா இருக்கிற புரதம், லீட்டருக்கு 35 - 50 கிராம். ஈரல்தான் செய்யுது. தண்ணிய இரத்தக் குழாய்க்குள்ள பிடிச்சு வைக்கிறதும் இதுதான், அது குறைஞ்சா கால் வீங்குறது அதனாலதான். கட்டி வளருற உடம்புல அழற்சி இருந்துகொண்டே இருக்கும், அப்ப இன்டர்லூகின்-6 ங்கிற சிக்னல் ஈரலுக்குப் போய்ச் சேர, ஈரல் அல்புமின் செய்றதக் குறைச்சிட்டு அழற்சியக் காட்டுற சிஆர்பி, இரத்தம் உறைய உதவுற ஃபைப்ரினோஜன் மாதிரி வேற புரதங்களக் கூட்டிச் செய்யத் தொடங்கிடும், போதாததுக்கு குழாய்ச் சுவரும் இளகி இருக்கிற அல்புமினும் வெளிய கசியும்.

இதுக்கு மேல, சில புற்றுநோய்க் கலங்கள் அல்புமினையே குடிக்குது. கலம் பெருகுறதக் கட்டுப்படுத்துற ராஸ்ங்கிற ஜீன் மாறின கலங்கள்ல, முக்கியமா சதையியில, அதாவது பான்கிரியாஸ்ல வார புற்றுநோய்ல இது நடக்குதுன்னு 2013ல நியூயோர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினாங்க. கலத்தோட மேல்தோல் அலை மாதிரி எழும்பி மடிஞ்சு, வெளிய இருக்கிற திரவத்த ஒரு மிடறு அப்பிடியே உள்ள இழுத்துக்கும், அந்தப் பை கலத்துக்குள்ள செரிக்கிற வேலையச் செய்ற லைசோசோமோட சேர, அல்புமின் உடைஞ்சு அமினோ அமிலமாகும், அதுல வார குளூட்டமின வச்சு கலம் பெருகும். எலிகள்ல இந்தக் குடிக்கிற வழிய அடைச்சப்ப கட்டி வளருற வேகம் குறைஞ்சுது. இத வாசிச்சிட்டு தயவுசெய்து நோயாளிக்கு புரதச் சாப்பாட்ட நிப்பாட்டிடாதீங்க, அப்பிடி நிப்பாட்டினா கரையிறது அவரோட தசைதான்.

அல்புமின வச்சே மருந்தும் ஏத்துறாங்க. பக்லிடாக்செல்ங்கிற புற்றுநோய் மருந்து தண்ணில லேசுல கரையாது, அதனால அத அல்புமினோட சேர்த்து நுண்துகளாக்கி ஊசியா ஏத்துறாங்க. அமெரிக்காவுல 2005ல மார்புப் புற்றுநோய்க்கும் 2013ல சதையிப் புற்றுநோய்க்கும் இதுக்கு அனுமதி கிடைச்சுது.

ஃபைப்ரினோஜன் செய்ற வேலை வேற. கட்டியில இருந்து கழண்டு இரத்தத்துல மிதக்கிற கலத்த, ஃபைப்ரினோஜன்ல இருந்து உருவாகுற ஃபைப்ரினும் தட்டணுக்களும் சுத்தி மூடிக்கொண்டா, நோய் எதிர்ப்புக் கலங்களால அத லேசுல கொல்ல முடியாது, அது வேற இடத்துல போய் ஒட்டிக்கும். புற்றுநோய்க்கும் இரத்தம் உறையிறதுக்கும் தொடர்பிருக்குன்னு ட்ரூசோங்கிற பிரெஞ்சு டொக்டர் 1865லயே சொல்லிட்டார்.

அதனால ரிப்போர்ட் வந்தா அல்புமின மட்டும் பாக்காம சிஆர்பியையும் சேர்த்துப் பாருங்க. சிஆர்பி லீட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேலயும் அல்புமின் 35 கிராமுக்குக் கீழயும் இருந்தா இந்த ரெண்டையும் வச்சு புற்றுநோயாளியோட நிலைமையக் கணிக்கிற கிளாஸ்கோ ஸ்கோர்ல ஆகக்கூடின 2 போடுவாங்க, அப்ப அழற்சியும் சேர்ந்துதான் அல்புமின இறக்குது, முட்டையால மட்டும் அது ஏறாது, கிளினிக்ல டொக்டர்கிட்ட அதப் பத்தித்தான் கேக்கணும்.