"ஓசோன் நல்லதுதானே டாக்டர்?"

போன வாரமும் ஒரு பையன் வந்தான். பதினோரு வயது, ஆஸ்துமா. ஜூலை வெயிலில் மாலை நாலு மணிக் கால்பந்துப் பயிற்சி முடிந்து நேராக என் கிளினிக்குக்கு, நெஞ்சு கீச்சுகீச்சென்று இழுக்க. அன்று இங்கே கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ பக்கம் ஓசோன் எச்சரிக்கை இருந்ததே என்றால் அப்பா சிரிக்கிறார். "ஓசோன் நம்மைக் காப்பாற்றுவதுதானே டாக்டர்? வானம் வேறு பளிச்சென்று இருந்ததே!"

ஐயா, காப்பாற்றுகிற ஓசோன் 15 கிலோமீட்டருக்கும் மேலே இருக்கிறது. அங்கே இருந்து புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது. சரி. அதே வாயு மூச்சுக்குழாய்க்குள் போனால் சவ்வைப் புண்ணாக்கும். குடிக்கிற தண்ணீர் நல்லதுதான், புரையேறினால் என்ன ஆகிறது? பொருள் ஒன்றுதான், இருக்க வேண்டிய இடம் வேறு. வானத்தைப் பார்த்தும் பயனில்லை, இந்த அளவில் ஓசோன் கண்ணுக்குத் தெரியாது. லாஸ் ஏஞ்சலிஸ் வண்டிப் புகை வெயிலில் வெந்து ஓசோனாகி, கடல்காற்றோடு கிழக்கே வந்து, எங்கள் மலையடிவாரத்தில் முட்டி நிற்கிறது. அதனால்தான் இங்கே பிற்பகலில் உச்சம்.

"அரசு வரம்புக்குள் இருந்தால் போதாதா" என்று கேட்பவர்களும் உண்டு. 2015-இல் வைத்த அமெரிக்கத் தேசிய வரம்பு, எட்டு மணி நேரச் சராசரியில் நூறு கோடிக்கு 70 பங்கு. அதையும் எப்படிக் கணக்கிடுகிறார்கள் தெரியுமா? ஆண்டின் நான்காவது மோசமான நாளை எடுத்து, மூன்று ஆண்டுச் சராசரி போடுவார்கள். அதாவது தேர்ச்சி பெற்ற ஊரிலும் மூச்சு முட்டும் நாட்கள் இருக்கலாம். எங்கள் பகுதிக்கு அந்தத் தேர்ச்சியும் இல்லை, வரம்பை எட்டாத ஊர்களின் பட்டியலில் மிக மோசமான, கடைசி வகுப்பான 'எக்ஸ்ட்ரீம்'. 1997-இல் வைத்த 80 பங்கு வரம்பையே 2023-க்குள் எட்ட முடியவில்லை.

தினமும் ஏர்நவ் (AirNow) என்ற அரசின் காற்றுத் தர இணையதளத்தைப் பாருங்கள், அது ஒரு நிமிட வேலை. அதில் காற்றுத் தரக் குறியீடு 100-ஐத் தாண்டினால் ஆஸ்துமா பிள்ளைகளைப் பிற்பகலில் ஓடவிடாதீர்கள். என்95 முகக்கவசம் தூசுக்குத்தான், இந்த வாயுவை நிறுத்தாது. ஜன்னலை மூடுங்கள். காற்றைச் சுத்தம் செய்யும் என்று ஓசோனையே உமிழும் இயந்திரத்தைத் தயவுசெய்து வாங்காதீர்கள், போன மாதம் ஒரு வீட்டில் அது குழந்தையின் கட்டில் பக்கத்திலேயே இருந்ததாம், எனக்குத் தலை சுற்றிவிட்டது.

அப்புறம், கோச்சிடம் பயிற்சியைக் காலை எட்டு மணிக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் நான் கடிதம் எழுதித் தருகிறேன்.