ஜூலையில் வெளிவரும் ஜனவரி

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் சீடர் ராபிட்ஸ் நகரில் வசிக்கும் வாசகி ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். போன ஜூலையில் குடும்பத்தோடு வடக்கே கிளேட்டன் கவுண்டிக்கு (நம் மாவட்டம் போன்ற பிரிவு) போய், பிக்ஸ்பி என்ற பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள் நடந்திருக்கிறார்கள். வெளியே 32 டிகிரி, சட்டை முதுகோடு ஒட்டும் புழுக்கம். ஒரு பாறைக் குகையின் வாயருகே போனதும் கணுக்காலில் சில்லென்று காற்று பட்டதாம். குனிந்தால் ஃப்ரிட்ஜைத் திறந்த மாதிரி இருந்ததாம். ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "மின்சாரம் இல்லை, மெஷின் இல்லை. எங்கிருந்து வருகிறது இந்தக் குளிர்?"

அது போன ஜனவரியின் குளிர். பாறை அதைப் பத்திரமாக வைத்திருந்து ஜூலையில் வெளியே விடுகிறது.

முதலில் அந்த ஊரின் வானிலையைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். மிசிசிப்பி ஆற்றின் மேற்குக் கரையில், சுமார் 17,000 பேர் மட்டும் வாழும் விவசாயப் பகுதி கிளேட்டன். மக்காச்சோளம், சோயா, மாட்டுப் பண்ணைகள். மெக்சிகோ வளைகுடா கிட்டத்தட்ட 1,500 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. வெப்பத்தையும் குளிரையும் மட்டுப்படுத்த அருகில் கடல் இல்லை. வடக்கே கனடா வரை குறுக்கே நிற்க ஒரு மலையும் இல்லை. அதனால் கோடையில் வளைகுடாவின் ஈரக்காற்று ஏறி வரும், குளிர்காலத்தில் துருவக்காற்று இறங்கி வரும். மழையில் பெரும்பங்கு பயிர்க்காலத்திலேயே இடி மின்னலோடு கொட்டிவிடும். நவம்பர் முதல் மார்ச் வரை பனி.

இந்தக் கவுண்டியின் தலைநகர் எல்கேடர். பெயரைக் கேட்டால் எங்கோ கேட்டதுபோல இருக்கிறதா? அல்ஜீரியாவில் பிரெஞ்சுப் படைகளை எதிர்த்துப் போராடிய அமீர் அப்துல் காதிரின் நினைவாக 1846-ல் வைத்த பெயர் அது. நம் ஊர் அப்துல் காதர்தான் அங்கே எல்கேடர்! 1996 பிப்ரவரி 3 அன்று அந்தச் சிற்றூரில் வெப்பநிலை மைனஸ் 44 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியது. அயோவாவில் அதற்கு முன் ஒரே ஒருமுறைதான் அந்த அளவு பதிவாகியிருந்தது. மேகமில்லாத இரவு, தரையெல்லாம் பனி, அசையாத காற்று. நிலம் தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட, தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகிறது. கனமான காற்று தண்ணீரைப் போலப் பள்ளத்தைத் தேடி ஓடும். எல்கேடர் இருப்பது டர்க்கி ஆற்றின் பள்ளத்தாக்கில்.

குளிர்ந்த காற்று கனமானது. வாசகியின் கேள்விக்கும் விடை இதில்தான் இருக்கிறது.

கடைசிப் பனியுகத்தில் சுற்றிலும் உள்ள நிலத்தைப் பனிப்பாளங்கள் தேய்த்துத் தட்டையாக்கியபோது, இந்தப் பகுதி தப்பிவிட்டது. அதனால் அயோவாவில் பலரும் எதிர்பார்க்காத செங்குத்தான மலைச்சரிவுகள் இங்கே உண்டு. பாறை, சுண்ணாம்பு வகை. மழைநீர் அதைக் கரைத்துக் கரைத்து உள்ளே விரிசல்களை உண்டாக்கியிருக்கிறது. மேட்டின் மேல் அங்கங்கே நிலம் உள்வாங்கிக் குழி விழுந்திருக்கும். சரிவின் அடியில் உடைந்து விழுந்த கற்கள் குவிந்து கிடக்கும், அவற்றின் நடுவே இடுக்குகள். ஆக, மலைக்கு இரண்டு வாய்: மேலே குழி, கீழே கல்லிடுக்கு. நடுவில் விரிசல்கள் வழியே பாதை.

இப்போது ஜனவரி. வெளியே மைனஸ் 20. பாறைக்குள் இருக்கும் காற்று அதைவிட வெதுவெதுப்பு, ஆகவே இலேசு. அது மேல்வாய் வழியாக எழுந்து வெளியேறும். அந்த இடத்தை நிரப்பக் கீழ்வாய் வழியாகக் கடுங்குளிர்க் காற்று உள்ளே இழுக்கப்படும். வாரக்கணக்கில் இது நடக்க நடக்க, அடிப்பகுதிப் பாறை உறைநிலைக்கும் கீழே போய்விடுகிறது. ஆனால் அப்போது உள்ளே அதிகம் ஐஸ் சேராது. மேலே தண்ணீரெல்லாம் பனியாகக் கிடக்கிறதே! மார்ச்சில் பனி உருகி விரிசல் வழியே சொட்டும்போதுதான், குளிர்ந்து காத்திருக்கும் பாறையைத் தொட்டு உறைகிறது. வெளியே வசந்தம், உள்ளே ஐஸ் வளர்கிறது.

அப்புறம் கோடை. இப்போது உள்ளே இருக்கும் காற்றுதான் கனம். அது கீழ்வாய் வழியாக வழிந்து வெளியே வர, மேல்குழி வெப்பக்காற்றை உறிஞ்சுகிறது. அந்தக் காற்று பாறையையும் ஐஸையும் தடவிக்கொண்டே இறங்கி, சுமார் 10 டிகிரிக்கோ அதற்கும் கீழோ குளிர்ந்து வெளிவருகிறது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கீழ்வாய் மூச்சை உள்ளிழுப்பது குளிர்காலத்தில் மட்டும். கோடையில் அது வெளிவிட மட்டுமே செய்கிறது. கோடைவெப்பம் மேல்வாய் வழியாகத்தான் நுழைய முடியும், நுழைந்தாலும் வழியெல்லாம் பாறைக்குக் கொடுத்துவிட்டுத்தான் கீழே வரும். சாதாரணக் குகை, ஆண்டின் சராசரி வெப்பநிலையை ஒட்டியே இருக்கும். இங்கே அது 7, 8 டிகிரி. அதில் ஐஸ் நிற்காது. இந்தச் சரிவுகளோ குளிரை நேராகவும் வெப்பத்தைச் சுற்றுவழியாகவும் வாங்குகின்றன. ஒரு கதவும் இல்லை, வால்வும் இல்லை.

தள்ளுகிற விசை எவ்வளவு? 30 டிகிரிக் காற்றைவிட உறைநிலைக் காற்று கனமீட்டருக்குச் சுமார் 130 கிராம் கூடுதல் எடை கொண்டது. இரண்டு வாய்களுக்கும் 20 மீட்டர் உயர வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், அழுத்தம் சுமார் 25 பாஸ்கல். அதாவது ஒரு தட்டில் இரண்டரை மில்லிமீட்டர் உயரத்துக்கு நிற்கும் தண்ணீரின் எடை. அவ்வளவுதான், ஆனால் இரவும் பகலும் தள்ளும். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை விழுங்கும். பள்ளியில் படித்த உள்ளுறை வெப்பம். உலர்ந்த காற்றானால் 16 கிலோவை 20 டிகிரி குளிர்விக்க அது போதும். அயோவாவின் ஈரக்காற்றுக்கு இன்னும் கூடுதல் ஐஸ் வேண்டும். காற்றிலிருந்து பிரியும் அந்த ஈரம்தான் அங்குள்ள பாசியை நனைக்கிறது.

அந்த ஈரக் குளிரில் ஒரு ஜீவன் ஒண்டிக்கொண்டிருக்கிறது. 8 மில்லிமீட்டர்கூட அநேகமாகத் தாண்டாத, பழுப்பு நிற நத்தை. பனியுகத்தைச் சேர்ந்தது. புதைபடிவமாக மட்டுமே அறியப்பட்டிருந்த அதை, அழிந்துவிட்டது என்றே நினைத்திருந்தார்கள். 1955-ல் உயிரோடு கண்டுபிடித்தார்கள். உதிர்ந்த பிர்ச், மேப்பிள் இலைகளைத் தின்று வாழ்கிறது. 1978 முதல் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. 1989-ல் இந்தச் சரிவுகளைக் காக்கவே ஒரு சரணாலயமும் அமைத்தார்கள். மேட்டுநிலத்தில் யாராவது குழியை மண்போட்டு மூடினால், கீழே நத்தை செத்துப்போகும். மேல்வாய் அடைபட்டால் மூச்சு நின்றுவிடும் அல்லவா? குளிர்காலமே மிதமாகிக்கொண்டு போனால் சேர்த்துவைக்கக் குளிரும் இருக்காது.

பக்கத்துக் கவுண்டியில் உள்ள டெகோரா ஐஸ் குகையை 1890-களின் கடைசியில் அலோயிஸ் கோவாரிக் என்பவர் தெர்மாமீட்டரோடு ஆராய்ந்து விளக்கம் எழுதினார். இப்படி ஒரே இடத்தை ஆண்டுக்கணக்கில் அளந்துகொண்டிருக்கும் வேலைக்கு எந்த நாட்டிலும் பணம் சுலபமாகக் கிடைப்பதில்லை. ராக்கெட்டுக்குக் கொடுப்பதில் ஒரு துளி இதற்குக் கொடுக்கலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

கும்பிட்ட மாமியாரை நான் குறை சொல்ல மாட்டேன். வியப்பு வரவேண்டிய இடத்தில்தான் அவருக்கு வந்திருக்கிறது. அவரிடம் ஒன்று சொல்லுங்கள். ஜனவரியில் மறுபடி அங்கே போனால், சரிவில் ஏறாமல் நடைபாதையில் நின்றபடியே, அதே வாயின் முன்னால் ஒரு டிஷ்யூ பேப்பர் துண்டை நுனியில் பிடித்துத் தொங்கவிடுங்கள். வெளிக்காற்று அசையாத நாளாக இருந்தால் அது உள்பக்கமாகச் சாயும்.