ஸ்டான்ஃபோர்டில் நடுங்கிய சுரம், யமஹாவில் ஒலித்த மணி

வயலின் வாசிப்பவர் ஒரு சுரத்தில் நின்றபடி விரலை லேசாக ஆட்டினால் அந்தச் சுரம் மேலும் கீழும் நடுங்கும். கம்பிதம் என்று நாம் சொல்லும் கமகமும் இந்த இனம்தான். நொடிக்கு ஐந்தாறு முறை ஆட்டினால் அது நடுக்கமாகவே காதில் விழும். அதையே நொடிக்கு நூறு முறை ஆட்டினால் என்ன கேட்கும்? விரலுக்கு அந்த வேகம் வராது. கணினிக்கு வரும். 1967இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் என்பவர் இதைச் செய்து பார்த்தார்.

சௌனிங் பொறியாளர் அல்ல, தாளக் கருவி வாசித்தவர், இசை படித்தவர். கணினியில் ஒலி உண்டாக்கலாம் என்று பெல் ஆய்வகத்தின் மேக்ஸ் மேத்யூஸ் எழுதிய கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு, ஸ்டான்ஃபோர்டின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தின் கணினியில் இடம் கேட்டு உட்கார்ந்தார். நிரல் எழுத உதவியவர் டேவிட் பூல். அவர் டியூபா என்ற பெரிய பித்தளை ஊதுகருவி வாசிக்கும் இளங்கலை மாணவர்.

நடுக்கத்தின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனபோது, நொடிக்கு இருபது முறையைத் தாண்டியதும் நடுக்கம் மறைந்துவிட்டது. காதால் அந்த ஏற்ற இறக்கத்தைப் பின்தொடர முடியவில்லை. அதற்குப் பதில் ஒலியின் குணமே மாறியது. 400 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 400 அதிர்வு) சுரம் ஒன்றை நொடிக்கு 100 முறை ஆட்டினால் 300, 500, 200, 600 என்று இருபுறமும் புது அதிர்வெண்கள் முளைக்கின்றன. வீணைக்கும் நாகஸ்வரத்துக்கும் ஒரே சுரத்தில் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இந்தத் துணை அதிர்வெண்களின் கலவையில்தான் இருக்கிறது. ஆட்டும் வேகம் முதல் சுரத்தோடு எளிய முழு எண் விகிதத்தில் இருந்தால் இனிமையான ஒற்றை நாதமாகக் கேட்கும். 1:1.4 போல விகிதம் ஒட்டாமல் இருந்தால் வெண்கல மணி ஒலிக்கும். ஆட்டத்தின் அகலத்தைக் கூட்டினால் துணை அதிர்வெண்கள் பெருகி ஒலி பளிச்சென்று ஆகும். எஃப்.எம். வானொலியின் பெயரில் இருக்கும் 'எஃப்.எம்.' இதே உத்திதான். அங்கே அது செய்தியைச் சுமக்கிறது, இங்கே நாதத்தைச் சமைக்கிறது.

இதில் பெரிய லாபம் சிக்கனம். அதுவரை கணினியில் ஒரு மணியோசை வேண்டுமானால் பத்து இருபது அலைகளைத் தனித்தனியே உருவாக்கிக் கூட்ட வேண்டும். சௌனிங்கின் வழியில் இரண்டு அலைகள் போதும்.

சரி, கண்டுபிடித்தாயிற்று. அதை யார் கருவியாகச் செய்வது?

ஸ்டான்ஃபோர்டின் கண்டுபிடிப்புகளுக்கு உரிமம் விற்கும் வேலை அதுவரை ஒரு வெளி நிறுவனத்தின் கையில் இருந்தது. பத்தாண்டுக்கு மேல் ஆகியும் அதில் 5,000 டாலர்கூடத் தேறவில்லை. நீல்ஸ் ரெய்மர்ஸ் என்ற அலுவலர், இந்த வேலையைப் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே செய்யலாம் என்று சொல்லி 1970இல் தனி அலுவலகம் தொடங்கினார். காப்புரிமை வாங்குவதோடு நிற்காமல், யார் வாங்கக்கூடும் என்று யோசித்து, ஆளைத் தேடிப் போய்ப் பேசுவதும் அவர்கள் வேலை ஆனது. பின்னாளில் அங்கே வகுத்த பங்கீடும் எளிமையானது: வரும் தொகையில் 15 சதவீதமும் செலவும் போக, மீதியில் கண்டுபிடித்தவருக்கு ஒரு பங்கு, அவர் துறைக்கு ஒரு பங்கு, கல்லூரிக்கு ஒரு பங்கு.

முதலில் ஹாமண்ட், வுர்லிட்சர் போன்ற அமெரிக்க ஆர்கன் தயாரிப்பாளர்களிடம் போனார்கள். வந்து கேட்டவர்களுக்கு ஒலி பிடித்திருந்தது. ஆனால் அவர்களுடைய பொறியாளர்கள் அனலாக் சுற்றுகளில் ஊறியவர்கள். எண்களாக ஒலி உருவாவது அவர்களுக்குப் பிடிபடவில்லை. அப்புறம் ரெய்மர்ஸ், வணிகப் பள்ளி மாணவர் ஒருவரைச் சந்தையை ஆராயச் சொன்னார். உலகிலேயே பெரிய இசைக் கருவி நிறுவனம் ஜப்பானின் யமஹா என்று அவர் கண்டு சொன்னார். யமஹாவிலிருந்து கசுகியோ இஷிமுரா என்ற இளம் பொறியாளர் வந்தார். பத்தே நிமிடத்தில் விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது என்று சௌனிங் பிற்பாடு நினைவுகூர்ந்திருக்கிறார்.

பல்கலைக்கழகமும் தொழிலும் சேர்வது பற்றிப் பேசும்போது நாம் ஒப்பந்தத்தையும் நிதியையும்தான் முன்னால் வைக்கிறோம். எனக்கு இந்தப் பத்து நிமிடம்தான் முக்கியமாகப் படுகிறது. ஹாமண்டும் யமஹாவும் கேட்டது ஒரே ஒலி, ஒரே விளக்கம். யமஹாவிடம் டிஜிட்டல் ஒலியைப் பற்றி ஏற்கெனவே யோசித்துக்கொண்டிருந்த ஒருவர் இருந்தார். சொந்தமாகச் சில்லு செய்யும் தொழிற்சாலையும் இருந்தது. தானே கொஞ்சமாவது ஆராய்ச்சி செய்யாத நிறுவனத்தால் அடுத்தவர் ஆராய்ச்சியை வாங்கவும் முடியாது. அது வெறும் காகிதமாகவே கைக்கு வரும்.

இதற்கு நடுவில் இன்னொன்றும் நடந்தது, நினைத்தால் மனம் வலிக்கிறது. ஸ்டான்ஃபோர்டு 1973இல் சௌனிங்குக்கு நிரந்தரப் பணி தர மறுத்தது. அவர் ஐரோப்பாவுக்குப் போய்விட்டார். ஒரு பக்கம் உரிம அலுவலகம் அவர் கண்டுபிடிப்பை ஏந்தி நிறுவனம் நிறுவனமாக ஏறிக்கொண்டிருக்கிறது, மறுபக்கம் கண்டுபிடித்தவருக்கு வளாகத்தில் நாற்காலி இல்லை. யமஹாவோ உரிமம் மட்டும் போதும் என்று நினைக்கவில்லை. சௌனிங்கோடு பேசிப் பேசித்தான் இதை வளர்க்க முடியும். 1975இல் ஸ்டான்ஃபோர்டு அவரைத் திரும்ப அழைத்தது, முதலில் ஆய்வாளர் பதவியில். பின்னர் பேராசிரியரானார். அதே ஆண்டில் யமஹாவோடு உரிம ஒப்பந்தம் முடிந்தது, ஸ்டான்ஃபோர்டில் கணினி இசைக்கென்று தனி ஆய்வு மையமும் தொடங்கியது.

1973இலேயே சௌனிங் தன் முறையை ஆய்விதழ் ஒன்றில் முழுக்க விளக்கி எழுதிவிட்டார். காப்புரிமை கிடைத்தது 1977இல். தொழிலோடு சேர்ந்தால் எல்லாவற்றையும் மூடி மறைக்க வேண்டும் என்று பயப்படுகிறவர்கள் இதைக் கவனிக்கலாம். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், சோதிக்கலாம், வகுப்பில் நடத்தலாம். செய்து விற்பதற்குத்தான் உரிமம் தேவைப்பட்டது.

ஒப்பந்தத்துக்குப் பிறகும் டிஎக்ஸ்7 என்ற புகழ்பெற்ற கருவி வர எட்டு ஆண்டு ஆனது. ஆய்வகக் கணினி ஒரு சுரத்தை நிதானமாகக் கணக்கிட்டுக் கொடுத்தால் போதும். மேடையில் விரல் பட்ட நொடியில் ஒலி வர வேண்டும். மேல்ஸ்தாயிக்குப் போகப் போகத் துணை அதிர்வெண்கள் எல்லை மீறிக் கரகரப்பு தட்டும். அதைத் தவிர்க்க, கட்டை உயர உயர ஆட்டத்தின் அகலத்தைத் தானாகக் குறைக்கும் ஏற்பாட்டை யமஹா பொறியாளர்கள் சேர்த்தார்கள். இரண்டு அலைகள் ஆறாயின. அவற்றை ஒன்றோடொன்று இணைக்க 32 வழிகள் வைத்தார்கள். 1983இல் வெளிவந்த டிஎக்ஸ்7 சின்தசைசர் (மின்னணு முறையில் ஒலி உருவாக்கும் கருவி), ஏறக்குறைய 2,000 டாலர் விலையில், ஒரே நேரத்தில் 16 சுரங்களை ஒலித்தது. எண்பதுகளின் பாட்டுகளில் கண்ணாடிபோல் தெறிக்கும் எலெக்ட்ரிக் பியானோவையும் மணிகளையும் கேட்டிருந்தால், இந்தக் கருவியை நீங்கள் கேட்டிருக்க வாய்ப்பு அதிகம். பிறகு இதே முறை மலிவான சில்லுகளில் இறங்கி, சவுண்ட் பிளாஸ்டர் என்ற ஒலி அட்டை வழியே வீட்டுக் கணினி விளையாட்டுகளுக்கும் வந்து சேர்ந்தது.

காப்புரிமை காலாவதி ஆவதற்குள் ஸ்டான்ஃபோர்டுக்கு இதில் 2 கோடி டாலருக்கு மேல் கிடைத்தது. நொடிக்கு ஐந்து முறையா நூறு முறையா என்று ஒருவர் விளையாடிப் பார்த்ததிலிருந்து வந்த பணம் அது. எந்த நிறுவனமும் அந்தக் கேள்வியை எழுதிக் கொடுத்துக் கேட்டிருக்காது. ஆனால் விளையாட இடம் கொடுத்த ஆய்வகம், விற்கத் தெரிந்த ரெய்மர்ஸ், புரிந்துகொண்ட இஷிமுரா, இதில் ஒருவர் இல்லாவிட்டாலும் அந்த மணி ஆய்வகத்துக்குள்ளேயே அடங்கியிருக்கும்.

உறவு டிஎக்ஸ்7உடன் முடியவில்லை. ஸ்டான்ஃபோர்டின் அதே இசை மையத்தில் ஜூலியஸ் ஸ்மித் வேறொரு வழியில் போனார். குழாய்க்குள் காற்று எப்படிப் போய்த் திரும்புகிறது, தந்தியில் அலை எப்படி ஓடுகிறது என்பதையே நேராகக் கணக்கிட்டு ஒலி எழுப்பும் முறை அது. இந்தத் தடவை யமஹாவைத் தேடி யாரும் அலைய வேண்டியிருக்கவில்லை. அந்த முறையில் ஊதுகருவி போலவே மூச்சுக்கு மசியும் விஎல்1 சின்தசைசரை 1994இல் யமஹா விற்பனைக்குக் கொண்டுவந்தது.