ஈயம் பற்றும் அந்த இரண்டு விநாடி

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவரைப் பார்த்திருக்கிறீர்களா? துருத்தி ஊதிக் கரியைக் கனிய வைத்து, பாத்திரத்தை நன்றாகச் சூடாக்குவார். நவச்சாரத் தூளைத் தூவியதும் குப்பென்று வெண்புகை எழும். வெள்ளீயத்தை லேசாகத் தொட்டுவிட்டுத் துணியால் ஓட்டினால், உட்புறம் முழுக்க வெள்ளி மாதிரி மின்னும். மின்பாகங்களைப் போர்டில் ஈயத்தால் பற்றவைக்கும் சால்டரிங் வேலையைக் கற்க வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் காட்சியைத்தான். சர்க்யூட் போர்டில் நடப்பதும் இதே வேலைதான்.

ஈயத்தை ஒரு பசை மாதிரி நினைத்து அப்புகிறவர்கள் அதிகம். போர்டு வேலையில் ஈயம் என்பது வெள்ளீயம் கலந்த உலோகக் கலவை. உண்மையில் உருகிய ஈயத்தில் இருக்கும் வெள்ளீயம் செம்பைக் கொஞ்சம் கரைத்து, அதோடு கூடி ஒரு புதுச் சேர்மமாகிறது. ஆறு செம்பு அணுவுக்கு ஐந்து வெள்ளீய அணு. சில மைக்ரான் கனம்தான் இருக்கும் அந்த ஏடு. பிடிப்பு முழுவதும் அதில்தான். அது உருவாக இரண்டு வேண்டும்: செம்பு சூடாக இருக்க வேண்டும், சுத்தமாக இருக்க வேண்டும்.

சூடுபட்ட செம்பின் மேல் ஆக்சைடு படிந்துகொண்டே இருக்கும். அதன் மேல் ஈயம் பற்றாது, தாமரை இலைத் தண்ணீராக உருண்டு ஓடும். பாத்திரத்தில் நவச்சாரம் அந்தப் படலத்தை அரித்து எடுக்கிறது. போர்டுக்கு நவச்சாரமோ, குழாய் வேலைக்கு விற்கும் அமில ஃப்ளக்ஸோ (ஆக்சைடை நீக்கும் பொருள்) ஆகவே ஆகாது. மிச்சம் தங்கிச் செம்பை அரித்துவிடும். நமக்கு ரோசின் போதும். பைன் மரப் பிசினிலிருந்து வருவது. ஈயக் கம்பியின் நடுவிலேயே மெல்லிய சரடாக வைத்திருப்பார்கள். சால்டரிங் இரும்பின் சூடான முனையான பிட்டில் ஈயத்தை உருக்கி எடுத்துக்கொண்டு வந்து தடவினால் ஏன் பற்றுவதில்லை என்பது இப்போது புரியும். வந்து சேர்வதற்குள் ரோசின் எரிந்து போயிருக்கும்.

சரி, கைவேலைக்கு வருவோம். பிட்டை ஈர ஸ்பாஞ்சில் துடைத்து, நுனியில் துளி ஈயம் தொடுங்கள். கருத்த பிட் சூட்டைக் கடத்தாது. போர்டில் இருக்கும் செம்புப் பொட்டான பேடும் பாகத்தின் காலும் சேரும் மூலையில், இரண்டையும் தொடும்படி பிட்டை வையுங்கள். ஒரு விநாடி பொறுத்து, ஈயக் கம்பியை எதிர்ப்பக்கத்திலிருந்து காலில் தொடுங்கள். செம்பு சூடேறியிருந்தால் ஈயம் தானே உருகிக் காலைச் சுற்றி ஓடும். முதலில் கம்பியை எடுங்கள், அப்புறம் பிட்டை. இறுகும்வரை போர்டை அசைக்காதீர்கள். நல்ல இணைப்பு காலிலிருந்து பேடை நோக்கிக் கூடாரம் போலச் சரிந்திருக்கும். ஜவ்வரிசி மாதிரி உருண்டு நின்றால் பற்றவில்லை என்று அர்த்தம். அதற்காக நெடுநேரம் சுட்டாலும் கெடுதல்தான். சேர்ம ஏடு தடித்தால் நொறுங்கும் தன்மை வந்துவிடும், பேடே பெயர்ந்தும் வரலாம்.

என்ன ஈயம் வாங்குவது? வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும், காரீயம் 327-இல். 63 பங்கு வெள்ளீயத்துக்கு 37 பங்கு காரீயம் என்று கலந்தால் 183-லேயே உருகிவிடுகிறது! அதுவும் கூழாக நிற்காமல் சட்டென்று உருகி, சட்டென்று இறுகுகிறது. இறுகும் நேரத்தில் கை ஆடுவதால் வரும் கோளாறு இதில் குறைவு. கற்றுக்கொள்ள இதைவிட நல்லது இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு தொழிற்சாலைகளில் பரவிய காரீயமற்ற கலவை உருக 217-க்கு மேல் வேண்டும். பளபளப்பும் குறைவாகவே இருக்கும். வேலை செய்யும்போது எழும் புகை ரோசினுடையது. அந்தச் சூட்டில் காரீயம் ஆவியாவதில்லை. ஆனாலும் ரோசின் புகை ஆஸ்துமாவைக் கிளப்பும், ஒரு சிறு விசிறியால் வெளியே தள்ளுங்கள். காரீயம் கையில் ஒட்டும். கை கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள்.

பாகங்களைப் பொருத்தும்போது குட்டையானவை முதலில்: ரெசிஸ்டர், ஐசி சாக்கெட், பிறகு உயரமான கெபாசிட்டர்கள்.

நான் முதலில் செய்த போர்டில் எல்.இ.டி. தட்டினால் எரியும், விட்டால் அணையும். எல்லா இணைப்பும் பார்க்க அழகாகத்தான் இருந்தன. இரண்டு நாள் தேடிய பிறகு கிரவுண்டு காலில் (மின்சாரம் திரும்பிப் போகும் பொது இணைப்பில்) பூதக்கண்ணாடியை வைத்தேன். ஈயத்துக்கும் பேடுக்கும் நடுவே மயிரிழை போல ஒரு கருப்பு வளையம். மெக்கானிக்குகள் டிரை சால்டர் என்பது இதைத்தான். கிரவுண்டு பேட் அகலமான செம்புத் தகட்டோடு சேர்ந்தது. மற்ற கால்களுக்குக் கொடுத்த அதே இரண்டு விநாடிச் சூட்டை அந்தத் தகடு உறிஞ்சிக்கொண்டது. ஈயம் காலைப் பற்றியது, பேடைப் பற்றவில்லை. இப்படிப்பட்ட இடத்தில் பலர் வெப்பநிலையை ஏற்றுவார்கள். அதைவிட அகலமான பிட் நல்லது. தொடும் பரப்பு கூடினால் சூடு வேகமாக இறங்கும். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, உளி வடிவப் பிட்டை நான்கு விநாடி வைத்துப் புது ஈயம் தொட்டேன். ரோசின் சீறியது, ஈயம் பேடின் விளிம்புவரை ஓடிப் படிந்தது, வளையம் மறைந்தது.