ஆளுகை வில்லை: 'கவர்னன்ஸ் டோக்கன்' என்பதற்குத் தமிழ்

காரைக்குடியில் டோக்கன் என்றால் ரேஷன் கடைச் சீட்டும் வங்கியில் கூப்பிடும் எண்ணும்தான் முதலில் நினைவுக்கு வரும். முறை வந்ததும் அவற்றின் வேலை முடிந்துவிடும். பல கணினிகள் ஒரே கணக்கேட்டைப் பகிர்ந்து வைத்திருக்கும் பிளாக்செயின் உலகின் 'கவர்னன்ஸ் டோக்கன்' அப்படியன்று. அதைக் கையில் வைத்திருக்கும்வரை, அதை வெளியிட்ட வலையமைப்பின் விதிகளை மாற்ற வாக்களிக்கும் உரிமையும் உடன் இருக்கும்.

'டோக்கன்' என்பது அடையாளத்தைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல். 'கவர்னன்ஸ்' கப்பல் செலுத்துவதைக் குறித்த கிரேக்க வினையில் பிறந்து, லத்தீன் வழியாக வந்தது. டோக்கனுக்கு 'வில்லை' என்பதே பொருத்தம் என்பேன். அஞ்சல் வில்லை, நீதிமன்ற வில்லை என்று ஏற்கெனவே வழங்குகிறோம். அந்நாளில் அலுவலகச் சேவகர் அணிந்த அதிகாரச் சின்னமும் வில்லைதான். மதிப்பையும் அதிகாரத்தையும் சுமந்து பழகிய சொல் அது. கவர்னன்ஸை 'ஆளுமை' என்று எழுதுவோர் உண்டு. ஒருவரின் குணச்சிறப்பையும் அச்சொல் குறிப்பதால் 'ஆளுகை' மேல்.

எத்தீரியம் என்ற பிளாக்செயினில் இயங்கும் கிரிப்டோ பரிமாற்றத் தளமான யூனிஸ்வாப் 2020 செப்டம்பரில் 100 கோடி வில்லைகளை அறிவித்தது. வில்லை வைத்திருப்பவர் தம் வாக்கைத் தமக்கோ பிறருக்கோ ஒப்படைத்த பிறகே அது எண்ணப்படும். ஒரு முன்மொழிவு நிறைவேற 4 கோடி ஆதரவு வாக்காவது வேண்டும். வென்ற முடிவு, ஒரு காத்திருப்புக் காலத்துக்குப் பிறகு நிரல்வழியே நடைமுறைக்கு வரும்.

இதைச் சிலர் 'இணைய மக்களாட்சி' என்று எழுதும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை. நகரத்தார் வழக்கில், திருமணமானதும் தம்பதி தங்கள் நகரக் கோயில் கணக்கில் ஒரு புள்ளி ஆகிறார்கள். ஆயிரம் சன்னல் வீட்டில் வாழ்ந்தாலும் சிறு வீட்டில் வாழ்ந்தாலும் ஒரு புள்ளிதான்; புள்ளி வரியும் அந்தக் கணக்கில்தான். ஆளுகை வில்லையில் எண்ணப்படுவது ஆள் அன்று, இருப்பு. பத்து லட்சம் வில்லை வைத்திருப்பவருக்குப் பத்து லட்சம் வாக்கு. கிரிப்டோ வட்டாரத்தில் இவர்களைத் 'திமிங்கிலம்' என்கிறார்கள். நமக்குப் 'பெரும்புள்ளி' என்ற சொல் இருக்கிறது. பங்குதாரர் கூட்டத்துக்கு நெருக்கமான இந்த முறைக்கு 'வில்லைவழி ஆளுகை' என்று பெயரிடுவதே நேர்மை.

இருப்பே வாக்கு என்பதன் ஆபத்து 2022 ஏப்ரலில் பீன்ஸ்டாக் என்ற அமைப்பில் தெரிந்தது. ஒருவர் ஒரே பரிவர்த்தனைக்குள் திருப்பித்தர வேண்டிய மின்னல் கடனை வாங்கி, அதைக் கொண்டு பெரும்பான்மை வாக்கைப் பெற்றார். தாமே முன்வைத்திருந்த முன்மொழிவை நிறைவேற்றி நிதியை வழித்தெடுத்தார். இழப்பு சுமார் 18 கோடி டாலர். ஆனால் யூனிஸ்வாப் போன்றவற்றில் வாக்கெடுப்பு தொடங்கும் கட்டத்தில் யாரிடம் எவ்வளவு வாக்கு இருந்ததோ அதுவே கணக்கு. அதன்பின் வாங்கிய வில்லைக்கு அந்த வாக்கெடுப்பில் இடமில்லை.