ஆளில்லாத ஆபீசின் கரண்ட் பில்

டர்பனில் சின்ன ஆபீஸ் வைத்திருப்பவர்கள் என்னைக் கூப்பிட்டால் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "அண்ணா, சோலார் போட்டுடலாமா?" 2023-இல் லோட்ஷெடிங் (முறைவைத்து வந்த மின்வெட்டு) படுத்திய பாடு அப்படி. போடலாம், தப்பில்லை. அதற்கு முன்னால் காலணா செலவில்லாத வேலை ஒன்று இருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசியாகப் பூட்டுகிறவர் மீட்டரைப் போனில் ஒரு போட்டோ எடுக்கட்டும். திங்கள் காலை முதலில் வருகிறவர் இன்னொன்று எடுக்கட்டும். தண்ணீர் மீட்டரையும் சேர்த்துத்தான்.

வாரத்துக்கு 168 மணி நேரம். நாளுக்கு 9 மணி வீதம் 5 நாள் வேலை என்றால் ஆபீசில் ஆள் இருப்பது 45 மணி நேரம். மீதி 123 மணி நேரமும் காலி. அப்போது அரை கிலோவாட் சும்மா ஓடினாலே வாரத்துக்கு 61 யூனிட் போச்சு. இங்கே தென்னாப்பிரிக்காவில் மின்சாரத்தில் ஐந்தில் நான்கு பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு. யாருக்கும் பயனில்லாமல் வாரம் 60 கிலோ!

அப்படி என்னதான் ஓடுகிறது? நான் நேராக டீ போடும் இடத்துக்குத்தான் போவேன். சுவரில் மாட்டிய ஹைட்ரோபாயில், ஐந்து பத்து லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க 'டிக்' 'டிக்'கென்று போட்டு அணைத்துக்கொண்டிருக்கும். தொட்டால் வெளிக்கூடே சுடும். அந்தச் சூடு அத்தனையும் நீங்கள் காசு கொடுத்து வாங்கியது. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு கணக்காளர் ஆபீசில் இதற்கு டைமர் வைக்கலாம் என்றதும், டீ போடும் அக்காவுக்கு முகம் மாறிவிட்டது. "காலையில வந்ததும் எல்லாரும் டீ கேப்பாங்களே, தம்பி!" ஆள் வருவதற்கு அரைமணி முன்னால் தானாக ஆன் ஆகும்படி வைத்ததும் சமாதானம். டிபி போர்டில் (மெயின் சுவிட்சும் பிரேக்கர்களும் இருக்கும் பெட்டி) மாட்டும் டைமர் பெரிய செலவில்லை. எலக்ட்ரீஷியனை வைத்தே மாட்டுங்கள். கீசர் இருந்தால் அதற்கும் டைமர் போதும். வெப்பநிலையை மட்டும் 60 டிகிரிக்குக் கீழே இறக்காதீர்கள், லீஜியனெல்லா கிருமி வளரும்.

அடுத்தது, லோட்ஷெடிங் காலத்தில் அவசரமாக வாங்கிய இன்வெர்ட்டரும் மேசைக்கு மேசை யுபிஎஸ்ஸும். 2024-இல் லோட்ஷெடிங் தணிந்த பிறகும் பல இடங்களில் அவை உள்ளே ஃபேன் சுற்றிக்கொண்டே கிடக்கின்றன. எது நிஜமாகவே தேவை என்று பார்த்து மற்றதை அணையுங்கள்.

ஏசி விஷயத்தில் சண்டை வரும், தெரியும். தைப்பூசக் காவடி நேரத்து டர்பன் புழுக்கத்தில் 24 டிகிரி என்றால் அடிக்க வருவார்கள். ஆனால் 18-இல் வைத்தால் அறை சீக்கிரம் குளிராது, மெஷின் நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். போர்வை மாதிரி தூசி படிந்திருந்தால் குழாயடியில் கழுவி, நிழலில் காயவைத்து மாட்டுங்கள். பாதிப் புகார் அதோடு அடங்கும்.

லைட் எல்லாருக்கும் தெரிந்த கதை: 50 வாட் ஹாலஜன் டவுன்லைட் இருந்த இடத்தில் 5 வாட் எல்இடி போதும். கழற்றிய பழைய டியூப்பில் பாதரசம் இருக்கிறது, உடைத்துக் குப்பையில் போடாதீர்கள். பழைய கம்ப்யூட்டர், பிரிண்டரும் அப்படித்தான். மின்னணுக் கழிவைக் குப்பைக்கிடங்கில் கொட்ட 2021 ஆகஸ்ட் முதல் தடை. பேப்பருக்கு, பிரிண்டரில் இரண்டு பக்கமும் அச்சடிக்கும்படி செட்டிங்கை மாற்றினால் போதும்.

தண்ணீர் மீட்டர் சனி, ஞாயிறில் நகர்ந்திருந்தால் முதல் சந்தேகம் டாய்லெட் மீது. சிஸ்டர்னில் (ஃப்ளஷ் தொட்டியில்) கேசரி கலர் கொஞ்சம் கரைத்துவிட்டு, ஃப்ளஷ் பண்ணாமல் அரைமணி கழித்துப் பாருங்கள். கோப்பையில் நிறம் இறங்கியிருந்தால் உள்ளே ரப்பர் வாஷர் போய்விட்டது. அந்த வாஷரின் விலை ஒரு பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் கறிக்குழம்பு ஊற்றித் தரும் டர்பன் சாப்பாடு) விலைகூட வராது.

இவ்வளவும் முடித்து, இன்னொரு வெள்ளி–திங்கள் போட்டோ எடுத்த பிறகு சோலார் கொட்டேஷன் கேளுங்கள். பேனல்காரர் முதலில் சொன்னதைவிடச் சின்ன பேட்டரியே போதும் என்பார்.